பேச்சுரிமை எல்லையில்லாத இயற்கை உரிமையா? வாலிபர் ஐக்கியப் பட்டிமன்றத்துக்கு உதவி வேண்டும்

கிருபா_நெல்லை

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபை வாலிபர் ஐக்கியத்தில் பட்டிமன்றம். "பேச்சுரிமை எல்லையில்லாத இயற்கை உரிமையே" என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கியதில் 'ஆம்' அணி என் தலையில் விழுந்துவிட்டது. எதிரணிப் பையன் நாவை அடக்கச் சொல்கிற யாக்கோபு 3ஆம் அதிகாரத்தை இப்போதே ஒப்பித்துக்கொண்டு திரிகிறான். என் கையில் இருப்பது அப்போஸ்தலர் 4:20 ஒன்றுதான்: "நாங்கள் கண்டவைகளையும் கேட்டவைகளையும் பேசாமலிருக்கக்கூடாதே." இதை வைத்துப் பத்து நிமிஷம் ஓட்ட முடியாது. வேதத்திலிருந்தும் சபைச் சரித்திரத்திலிருந்தும் ஏதாவது எடுத்துக் கொடுங்கள். அரசியல் சாசனத்தையும் நடுவர் இழுப்பார் என்கிறார்கள்.

மேய்ப்பன்_கோவை

ஸ்தோத்திரம் சிஸ்டர். தோற்கிற அணியில் மாட்டிக்கொண்டீர்கள். மனுஷனுக்கு எல்லையில்லாத உரிமை என்று வேதத்தில் எதுவுமே கிடையாது. ஏதேனிலேயே ஒரு மரம் விலக்கப்பட்டிருந்தது. நாவைப் பற்றியோ கேட்கவே வேண்டாம்: "மனுஷர் பேசும் வீணான வார்த்தைகள் யாவையும்குறித்து நியாயத்தீர்ப்பு நாளிலே கணக்கொப்புவிக்கவேண்டும்" (மத்தேயு 12:36). கணக்குக் கேட்கப்படுகிற ஒன்று எப்படி எல்லையில்லாததாகும்? பத்துக் கட்டளையில் இரண்டு நேராக வாயைப் பற்றியவை.

அப்போஸ்தலர் 4:20ஐயும் கவனமாக எடுங்கள். பேதுரு அங்கே தன் உரிமைக்காக வாதாடவில்லை. பேசு என்று அவருக்கு மேலேயிருந்து கட்டளை வந்திருந்தது. அதனால்தான் அடுத்த அதிகாரத்தில் "மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியம்" என்கிறார். சுவிசேஷம் பேசுகிற கடமையும் கண்டதைப் பேசுகிற சுதந்தரமும் ஒன்றல்ல.

ஈரோட்டுக்_கண்ணாடி

நான் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை, சும்மா எட்டிப் பார்த்தேன். ஒரு சந்தேகம். 2006இல் 'டாவின்சி கோட்' படத்தைத் தமிழ்நாட்டில் ஓடவிடக் கூடாது என்று கேட்டது உங்கள் ஆட்கள்தானே? இப்போது பேச்சுரிமைக்கு வசனம் தேடுகிறீர்கள். நடக்கட்டும்.

ஜெபமாலை_ராஜ்

கண்ணாடி அண்ணே, கேட்டோம்தான். ஆண்டவரைப் பற்றி ஒருவர் கதை கட்டிப் படம் எடுத்துக் காசு பார்த்தால் மனம் வலிக்காதா? அதில் முரண்பாடும் இல்லை. எங்கள் கத்தோலிக்கப் போதனை இதில் தெளிவாகவே இருந்திருக்கிறது. பாப்பரசர் 13ஆம் லெயோ 1888இல் 'லிபெர்த்தாஸ்' சுற்றுமடலில் சொன்னதன் சாரம் இது: உரிமை என்பது ஒழுக்கம் சார்ந்த ஆற்றல். இயற்கை அதை உண்மைக்கும் பொய்க்கும், நீதிக்கும் அநீதிக்கும் ஒரே அளவில் பங்கு வைத்துக் கொடுத்தது என்று நினைப்பது அபத்தம். அப்படியானால் இயற்கை உரிமை என்று சொன்னாலே எல்லை அதற்குள் வந்துவிடுகிறது. 'எல்லையில்லாத இயற்கை உரிமை' என்பது தன்னைத்தானே வெட்டிக்கொள்கிற தலைப்பு. மன்னிக்கவும் கிருபா.

கிருபா_நெல்லை

உதவி கேட்டால் எல்லாரும் எதிரணிக்குக் குறிப்பு எழுதிக் கொடுக்கிறீர்களே 🙂

கோர்ட்டு_வராந்தா

கிருபா தங்கச்சி, பொறு. (வேலை வக்கீல், சபை சி.எஸ்.ஐ. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.)

எல்லை உண்டா இல்லையா என்று சண்டை போடுவதற்கு முன்னால் ஒன்றைக் கேள்: யார் முன்னால் எல்லை? கடவுள் முன்னாலா, தாசில்தார் முன்னாலா? பாஸ்டர் ஐயா காட்டிய வசனத்தையே எடுத்துக்கொள். கணக்குக் கேட்கிறவர் யார், எந்த நாளில் கேட்பார் என்பது அதிலேயே இருக்கிறது. நியாயத்தீர்ப்பு நாள். வீண் வார்த்தைக்கு இன்றைக்கே எஃப்.ஐ.ஆர். போடும் அதிகாரத்தை எந்த இன்ஸ்பெக்டருக்கும் மத்தேயு கொடுக்கவில்லை. பாவம் எல்லாம் குற்றம் ஆகாது. பொறாமை பாவம், இந்தியாவில் எந்தச் சட்டப் பிரிவிலும் பொறாமைக்குத் தண்டனை இல்லை.

தூஷணத்துக்குத் தண்டனை கொடுக்கிற அதிகாரம் மனுஷன் கைக்குப் போனபோது என்ன ஆனது என்று வேதமே காட்டுகிறது. 1 இராஜாக்கள் 21ஐத் திற. ஆகாப் ராஜாவுக்கு ஒரு திராட்சத்தோட்டம் வேண்டும், நாபோத் கொடுக்க மாட்டேன் என்கிறான். ராணி யேசபேல் என்ன செய்தாள்? ஆள் வைத்து வெட்டவில்லை, சட்டப்படி போனாள். உபவாசம் கூறச் சொல்லி ராஜாவின் முத்திரை போட்டு மூப்பர்களுக்குக் கடிதம் எழுதினாள். பேலியாளின் மக்கள் (துன்மார்க்கர்) இரண்டு பேரை எதிரே உட்காரவைத்து, 'இவன் தேவனையும் ராஜாவையும் தூஷித்தான்' என்று சாட்சி சொல்லவைத்தாள். நியாயப்பிரமாணம் கேட்டது இரண்டு சாட்சி. இரண்டு சாட்சி இருந்தது. கல்லெறிந்து கொன்றார்கள். தோட்டம் கைமாறியது. விசாரணை முறையில் ஒரு ஓட்டை சொல்ல முடியாது! அப்புறம் ஸ்தேவான் மேல் என்ன குற்றச்சாட்டு? தூஷணம். நம் ஆண்டவர் மேல் பிரதான ஆசாரியன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு சொன்னது என்ன? அதே தூஷணம். தூஷண வழக்கில் மரண தண்டனை பெற்றவரை ஆராதிக்கிற ஜனம் நாம். அந்தப் பிரிவை மற்றவன் மேல் போடச் சொல்லிக் கேட்பதற்குக் கொஞ்சம் கூச்சம் வேண்டும்.

'இயற்கை உரிமை' என்பது வெள்ளைக்காரத் தத்துவவாதிகளின் சரக்கு என்று எதிரணி சொன்னால் ஆதி சபை எழுத்தாளர் தெர்த்துல்லியனைக் காட்டு. கி.பி. 212 வாக்கில் கார்த்தேஜிலிருந்து ரோம ஆளுநர் ஸ்காபுலாவுக்கு அவர் எழுதிய கடிதத்தில், தான் சரியென்று கருதுகிறபடி வணங்குவது மனுஷ உரிமை, இயற்கை தந்த அதிகாரம் என்றும், மதத்தில் பலவந்தம் செய்வது மதத்துக்கே உரியதல்ல என்றும் சொல்கிறார். அந்தத் தத்துவவாதிகளில் பெரியவரான ஜான் லாக் பிறக்க இன்னும் 1,400 வருஷம் இருந்தது.

மேய்ப்பன்_கோவை

வக்கீல் ஐயா நன்றாகப் பேசுகிறீர்கள், தொழில் அப்படி. ஆனால் தெர்த்துல்லியன் சொன்னது வணக்கத்தைப் பற்றி. வாய்க்கு வந்ததை எல்லாம் பேசுவதைப் பற்றி அல்ல.

ருவாண்டாவை மறந்துவிட்டீர்களா? 1994 இனப்படுகொலை. ஜனங்களில் பெரும்பாலானோர் ஞானஸ்நானம் பெற்றவர்கள். மில் கோலின் ரேடியோ சிறுபான்மை துட்ஸி இன மக்களைக் கரப்பான்பூச்சிகள் என்று நாள் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தது, ஒளிந்திருந்தவர்களின் பெயரையும் இடத்தையும் கூட வாசித்தது. ஆலயத்துக்குள் ஓடி ஒளிந்தவர்களை ஆலயத்துக்குள்ளேயே வெட்டினார்கள். நியாயத்தீர்ப்பு நாள்வரை அந்த மைக்கை விட்டுவைக்க வேண்டுமா? ரோமர் 13இல் அதிகாரி பட்டயத்தை (வாளை) விருதாவாய்ப் பிடித்திருக்கவில்லையே.

கோர்ட்டு_வராந்தா

அந்த மைக்கைப் பிடுங்கியே ஆகவேண்டும். அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. 2003இல் சர்வதேசத் தீர்ப்பாயம் ரேடியோ ஆட்களையும் பத்திரிகை ஆசிரியரையும் தண்டித்ததும் நியாயம். ஆனால் 'இன்ன வீட்டில் ஒளிந்திருக்கிறான், போய் வெட்டு' என்பது ஒரு கொள்கையைச் சொல்வது ஆகாது, கொலையில் பங்கெடுப்பது. நான் மைக்கைப் பிடுங்கக் கூடாது என்று சொல்வது தப்பான போதனைக்கு, கேலிக்கு, விசுவாச மறுப்புக்கு. கிருபாவும் 'எல்லையில்லாத' என்ற வார்த்தையை இந்த அர்த்தத்தில் முதலிலேயே வரையறுத்துக்கொண்டு மேடை ஏறினால் பிழைத்துக்கொள்வாள்.

தரங்கை_லுத்தரன்

ருவாண்டா பேச்சு வந்ததால் எங்கள் வீட்டு அழுக்கையும் வெளியே போடுகிறேன். வேத முரண்பாட்டுக்காரரை எரிப்பது ஆவியானவரின் சித்தத்துக்கு விரோதம் என்று லுத்தர் சொன்னார். 1520இல் போப்பின் ஆணை கண்டித்த 41 வாக்கியங்களில் அதுவும் ஒன்று. அதே லுத்தர் 1543இல் யூதருக்கு எதிராக எழுதிய புத்தகத்தில் அவர்களுடைய ஜெபஆலயங்களைக் கொளுத்தச் சொன்னார். நியூரம்பெர்க் விசாரணையில் நாஜிப் பத்திரிகைக்காரன் ஸ்ட்ரைக்கர், இன்று லுத்தர் இருந்திருந்தால் என் இடத்தில் கூண்டில் நின்றிருப்பார் என்று சொன்னான். 1946இல் அவனைத் தூக்கிலிட்டார்கள். லுத்தரின் அந்த எழுத்தை உலக லுத்தரன் பேரவை 1984இல் புடாபெஸ்டில் வெளிப்படையாகத் தள்ளிவிட்டது.

ஒன்றைக் கவனியுங்கள். லுத்தருக்கு வாயடைக்கப்பட்டபோது அவர் சொன்னது சரியாக இருந்தது. அரசர்களின் காது கிடைத்த பிறகு சொன்னதில்தான் விஷம் ஏறியது. பட்டயம் வைத்திருக்கிறவன் நம் பக்கம் என்று தெரிந்ததும் நாக்கின் குணம் மாறிவிடுகிறது. ஆதி சபைப் பேராயர் அகஸ்தீனும் அப்படித்தான். பிரிந்துபோன தொனாத்து சபையாரைப் பலவந்தம் செய்யக் கூடாது என்று முதலில் சொன்னவர், 408 வாக்கில் வின்சென்சியுசுக்கு எழுதிய கடிதத்தில் 'உள்ளே வரும்படி வருந்திக் கூட்டிக்கொண்டு வா' என்ற வசனத்தைப் பலவந்தத்துக்கே ஆதாரமாக்கிவிட்டார்.

சின்ன விஷயம் ஒன்று: பொய்ச்சாட்சிக் கட்டளை எங்களுக்கும் கத்தோலிக்கருக்கும் எட்டாவது. கிருபா சி.எஸ்.ஐ. என்றால் ஒன்பதாவது என்றே சொல்லட்டும், இல்லாவிட்டால் நடுவர் அங்கேயே பிடித்துக்கொள்வார்.

ஈரோட்டுக்_கண்ணாடி

ஜெனீவாச் சீர்திருத்தக்காரர் கால்வினை விட்டுவிட்டீர்களே, அவர் ஊரில் ஆளையே எரித்தார்களே.

கோர்ட்டு_வராந்தா

விடவில்லை, வருகிறேன். மிகேல் செர்வேத்துஸ். திரித்துவத்தை மறுத்து எழுதினான். 1553 அக்டோபர் 27 அன்று ஜெனீவாவுக்கு வெளியே ஷாம்பேல் என்ற இடத்தில் உயிரோடு எரித்தார்கள். கால்வின் எரிப்பதற்குப் பதில் தலையை வெட்டக் கேட்டார் என்பதை நம் ஆட்கள் கருணைக்கு அடையாளமாகச் சொல்வார்கள். சரி.

அதற்குப் பதில் சொன்ன ஆள்தான் எனக்கு முக்கியம். காஸ்தேலியோ, ஒருகாலத்தில் கால்வினிடம் ஜெனீவாவில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர், பிறகு பாசல் நகரில் அரைப்பட்டினி. அவர் எழுதிய ஒரு வரி: "ஒரு மனிதனைக் கொல்வது ஒரு போதனையைக் காப்பது ஆகாது, அது ஒரு மனிதனைக் கொல்வது, அவ்வளவுதான்." அந்தப் புத்தகம் அவர் உயிரோடு இருக்கும்வரை அச்சேறவில்லை, 1612இல்தான் வெளிவந்தது. 1903இல் கால்வினைப் பின்பற்றுகிறவர்களே ஷாம்பேலில் பரிகாரக் கல் நட்டார்கள்.

காஸ்தேலியோவும், அவருக்குப் பின் அமெரிக்காவில் ரோஜர் வில்லியம்ஸும் திரும்பத் திரும்ப வந்து நின்ற இடம் மத்தேயு 13. களைகளைப் பிடுங்கட்டுமா என்று வேலைக்காரர் கேட்கிறார்கள். எஜமான் என்ன சொல்கிறார்? "களைகளைப் பிடுங்கும்போது நீங்கள் கோதுமையையுங்கூட வேரோடே பிடுங்காதபடிக்கு, இரண்டையும் அறுப்புமட்டும் வளரவிடுங்கள்." களை நல்லது என்று அவர் சொல்லவில்லை. களைக்கு உரிமை உண்டென்றும் சொல்லவில்லை. பிடுங்குகிற உன் கையை நான் நம்பவில்லை என்கிறார். ஜெபமாலை தம்பி கொண்டுவந்த லெயோவுக்கு இதுதான் பதில். பொய்க்கு உரிமை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எது பொய் என்று தீர்ப்பெழுதி ஆளை உள்ளே தள்ளுகிற யோக்கியதை எந்தச் சர்க்காருக்கு உண்டு? கிருபா, என் பேச்சில் உனக்குப் பிடித்ததை எல்லாம் எடுத்துக்கொள், இதை மட்டும் விட்டுவிடாதே.

யாழ்_வாசகன்

எல்லாரும் ரோமாபுரி, ஜெனீவா எண்டு போறியள். ஒருக்கா நல்லூருக்கும் வாங்கோ. 19ஆம் நூற்றாண்டில் இஞ்ச மிஷனரிமார் சைவத்தைப் பற்றி எழுதினதை இண்டைக்கு வாசிச்சால் கூசும். புராணக் கதையளை எடுத்து ஆபாசம் எண்டு துண்டுப்பிரசுரம் போட்டவை. பதிலுக்கு ஆறுமுக நாவலர் என்ன செய்தவர்? அவர் பேர்சிவல் பாதிரியாரோட இருந்து வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்பில் வேலை செய்த மனுசன், வேதம் தண்ணிபட்ட பாடு. சொந்தமா அச்சுக்கூடம் போட்டார். 1854இல் 'சைவ தூஷண பரிகாரம்' வந்தது. நீங்கள் எங்கட கிரியையளைப் பழிக்கிறியள், உங்கட பழைய ஏற்பாட்டில் பலியும் தூபமும் விளக்கும் அபிஷேகமும் கிடக்கே எண்டு வசனம் வசனமா எடுத்து வைச்சார். வழக்கு இல்லை, மனு இல்லை. அந்தச் சண்டையில் தமிழ் உரைநடைதான் வளர்ந்தது.

என்ர கேள்வி பாஸ்டரிட்ட: அண்டைக்கு மத உணர்வைப் புண்படுத்தினால் ஜெயில் எண்டு ஒரு சட்டம் இருந்திருந்தால் முதல்ல உள்ள போயிருக்கிறது ஆர்? நாவலரோ, பாதிரிமாரோ?

மேய்ப்பன்_கோவை

நியாயமான கேள்வி பிரதர். பாதிரிமார்தான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சந்தையடியில் கைப்பிரதி கொடுத்துக்கொண்டிருந்தோம், நானும் சபையில் இரண்டு வாலிபரும். பக்கத்து டீக்கடையில் ஒருவர் வாங்கி வாசித்தார், நன்றாகவே பேசினார். அரை மணி நேரத்தில் ஒரு கூட்டம் வந்து, மதத்தைக் கேவலப்படுத்துகிறோம் என்று ஸ்டேஷனுக்கு இழுத்தார்கள். கைப்பிரதியில் இருந்தது யோவான் 3:16உம் சபை விலாசமும். மத உணர்வைப் புண்படுத்துவதற்கான தண்டனைச் சட்டப் பிரிவு 295ஏ போட்டார்கள். இன்னும் வாய்தாவுக்குப் போய் வந்துகொண்டிருக்கிறேன். வேறு எந்தத் தெய்வத்தின் பெயரும் அந்தக் காகிதத்தில் இல்லை. ஆகையால் எனக்கும் படக்காரனுக்கும் வித்தியாசம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் யாரையும் தூஷிக்கவில்லை.

கோர்ட்டு_வராந்தா

ஐயா, நீங்கள் தூஷிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். ஸ்டேஷனில் அதை முடிவு செய்தது யார்? வந்து கத்தின கூட்டம். நான் சொல்லவந்ததே அதுதான்.

295ஏயின் பிறப்பைப் பாருங்கள். லாகூரில் நபிகளைப் பற்றி இழிவாக ஒரு பிரசுரம் வந்தது. அப்போதைய சட்டத்தில் அதற்குப் பிரிவு இல்லை என்று 1927இல் உயர்நீதிமன்றம் வெளியீட்டாளரை விடுவித்தது. தீர்ப்பெழுதிய நீதிபதி தலீப் சிங் ஒரு கிறிஸ்தவர், ராஜ்குமாரி அம்ரித் கவுரின் சகோதரர். நாடு கொந்தளித்தது, அதே ஆண்டு வெள்ளைக்கார அரசு 295ஏவைக் கொண்டுவந்தது. சட்டம் வந்ததால் யாருக்கும் மனம் ஆறவில்லை. 1929இல் அந்த வெளியீட்டாளரைக் குத்திக் கொன்றார்கள். 1957இல் ராம்ஜி லால் மோடி வழக்கில் உச்சநீதிமன்றம், வேண்டுமென்றே தீய நோக்கோடு செய்ததற்கு மட்டும்தான் இந்தப் பிரிவு என்று வரம்பு கட்டியது. காகிதத்தில் நல்ல வரம்புதான். ஆனால் தீய நோக்கு இல்லை என்று நிரூபணம் ஆவதற்குள் வருஷங்கள் போய்விடும். தண்டனை தீர்ப்பில் இல்லை, வாய்தாவில் இருக்கிறது. இப்போது புதிய சட்டத்தில் இது 299.

எல்லைக்கு அந்தப் பக்கம் போனால் அதே குடும்பத்துச் சட்டம்தான், இன்னும் பல் முளைத்திருக்கிறது. பாகிஸ்தான் 1986இல் நபிகளை இழிவுபடுத்துவதற்கான 295சி சேர்த்தது. 2009இல் பழம் பறிக்கிற தோட்டத்தில் ஒரு குவளைத் தண்ணீரில் தொடங்கிய தகராறு ஆசியா பீபி என்ற கிறிஸ்தவப் பெண்ணைத் தூக்குமேடை வரை கொண்டுபோனது. 2018இல்தான் விடுதலை. நடுவில் அவருக்காகப் பேசிய பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீரும் கிறிஸ்தவ அமைச்சர் ஷாபாஸ் பட்டியும் 2011இல் சுடப்பட்டுச் செத்தார்கள். நாபோத் கதை பழைய ஏற்பாட்டோடு முடியவில்லை.

ஜெபமாலை_ராஜ்

பாகிஸ்தானையும் நம் ஊரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் அண்ணே. படத்துக்குத் தடை கேட்டவர்கள் யாரையும் தூக்கில் போடச் சொல்லவில்லை.

கோர்ட்டு_வராந்தா

இல்லை. ஆனால் 2006இல் கேட்டது கிடைத்ததல்லவா? தணிக்கை வாரியம் பெரியவர்களுக்கு மட்டும் என்று சான்றிதழ் கொடுத்து, கற்பனைக் கதை என்ற அறிவிப்போடு அனுமதித்த படம். தமிழ்நாடு, ஆந்திரா, பஞ்சாப், கோவா, நாகாலாந்து என்று மாநில அரசுகள் நிறுத்தின. சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் நம் மாநிலத் தடையை ரத்து செய்தார். அதற்கு முன்னுதாரணம் 1989இல் உச்சநீதிமன்றம் சொன்ன ரங்கராஜன் தீர்ப்பு, அதுவும் ஒரு தமிழ்ப் படத்தைப் பற்றியது: கலவரம் பண்ணுவேன் என்று மிரட்டினால் பேச்சை நிறுத்துவது சரியல்ல, பேசுகிறவனுக்குப் பாதுகாப்புக் கொடுப்பதுதான் அரசின் வேலை. பாஸ்டர் ஐயாவின் சந்தையடிக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். அவரைக் காப்பாற்றுகிற வாதம் அந்தப் படத்தைக் காப்பாற்றிய அதே வாதம்தான். வேறு வாதம் என் பையில் இல்லை.

நடுவர் சாசனம் கேட்டால்: 19(1)(அ) பேச்சுரிமை, 19(2) அதற்கான நியாயமான கட்டுப்பாடுகள், 25 மதத்தைக் கைக்கொள்ளவும் பரப்பவும். 'பரப்ப' வேண்டுமா என்று 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பெரிய சண்டை. டி.டி. கிருஷ்ணமாச்சாரி எழுந்து, 14 ஆண்டு கிறிஸ்தவ நிறுவனங்களில் படித்தேன், யாரும் என்னை மதம் மாற்ற முயலவில்லை என்று சொல்லி ஆதரித்தார். 1985இல் கேரளத்து யெகோவா சாட்சிகள் பிள்ளைகள் மூன்று பேர் தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றார்கள், பாடவில்லை. பள்ளி வெளியே அனுப்பியது. 1986இல் உச்சநீதிமன்றம் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. நாம் அவர்களைத் துர்உபதேசக்காரர் என்போம். ஆனால் பேசாமல் இருப்பதும் பேச்சுரிமையில் அடக்கம் என்று நம் எல்லாருக்கும் வாங்கிக் கொடுத்தது அந்தப் பிள்ளைகள்.

டெக்சாஸ்_தமிழன்

அமெரிக்காவில் எல்லையே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் கிருபா. 1940இல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு யெகோவா சாட்சி தெருவில் பிரசுரம் கொடுக்கும்போது தகராறு வந்தது. அவர் நகர மார்ஷலைப் பார்த்து 'நாசமாய்ப் போன பாசிஸ்ட்' என்று திட்டினார். 1942இல் உச்சநீதிமன்ற நீதிபதிகள் ஒருமனதாக, அது சண்டைக்கு இழுக்கிற வார்த்தை, பாதுகாப்பு இல்லை என்றார்கள். 2006இல் வெஸ்ட்போரோ பாப்டிஸ்ட் சபையார் ராணுவ வீரரின் அடக்கத்துக்கு அருகே 'செத்த வீரர்களுக்காகத் தேவனுக்கு ஸ்தோத்திரம்' என்று அட்டை பிடித்தார்கள். 2011இல் உச்சநீதிமன்றத்தில் 8க்கு 1 என்று அவர்கள் ஜெயித்தார்கள். அந்தத் தகப்பனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சட்டப்படி சரியான தீர்ப்பு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த அட்டையைப் பிடித்தவனை என் சபைக்குள் விடமாட்டேன். இரண்டும் ஒரே மனுஷன் சொல்லலாம்.

மேய்ப்பன்_கோவை

அந்த வெஸ்ட்போரோ கூட்டத்தை நினைத்தாலே வெட்கம். கெட்ட வார்த்தை பேசாதே என்கிற எபேசியர் 4:29க்கு அவர்கள் வேதத்தில் பக்கமே இல்லை போலிருக்கிறது.

எபேசு என்றதும் சொல்கிறேன், அப்போஸ்தலர் 19. பவுல் இரண்டு வருஷத்துக்கு மேல் அந்தப் பட்டணத்தில், கைகளால் செய்யப்பட்ட தேவர்கள் தேவர்களல்ல என்று பிரசங்கித்தார். வெள்ளிக் கோவில் செய்கிற தெமேத்திரியு வியாபாரம் படுத்துவிடும் என்று கூட்டம் கூட்டினான். இரண்டு மணி நேரம் ஒரே கூச்சல். பட்டணத்துச் சம்பிரதியானவன் (நகர எழுத்தர்) எழுந்து என்ன சொன்னான்? "இவர்கள் கோவிற்கொள்ளைக்காரருமல்ல, உங்கள் தேவியைத் தூஷிக்கிறவர்களுமல்ல." புறஜாதி அதிகாரியே பவுலுடைய கூட்டாளிகளுக்குக் கொடுத்த நற்சாட்சி அது. அந்தச் சாட்சியை வாங்குகிற மாதிரி நாம் பேசவேண்டும். கிருபா இதைச் சொல்லாமல் உரிமை உரிமை என்று மட்டும் பேசினால் அது கிறிஸ்தவப் பேச்சு ஆகாது.

தரங்கை_லுத்தரன்

பாஸ்டர், கர்மேலில் எலியா பாகாலைக் கேலி செய்தாரே? "உரத்தசத்தமாய்க் கூப்பிடுங்கள், அவன் தேவனாமே", தூங்கினாலும் தூங்குவான் என்று. இன்றைய 299க்கு எலியா தப்புவாரா?

மேய்ப்பன்_கோவை

எலியாவுக்கு வானத்திலிருந்து அக்கினி வந்தது. உங்களுக்கு வந்தால் நீங்களும் பேசுங்கள் பிரதர்.

ஈரோட்டுக்_கண்ணாடி

இது நல்ல பதில் 😂

கோர்ட்டு_வராந்தா

எபேசை ஐயா எடுத்ததில் சந்தோஷம். அந்தச் சம்பிரதி அடுத்து சொன்னதையும் சேர்த்துக்கொள்: வழக்கு இருந்தால் நியாயம் விசாரிக்கிற நாட்களும் தேசாதிபதிகளும் உண்டு, கூட்டம் கலையட்டும். முந்தின அதிகாரத்தில் கொரிந்துவில் ரோம அதிபதி கல்லியோன் இன்னும் ஒரு படி மேலே. அநியாயமோ பொல்லாத நடக்கையோ என்றால் விசாரிப்பேன். சொற்களையும் நாமங்களையும் உங்கள் வேதத்தையும் பற்றிய தர்க்கம் என்றால் எனக்கு மனதில்லை என்று பவுல் வாய் திறக்குமுன்னே வழக்கைத் தள்ளிவிட்டான். அதே நியாயாசனத்துக்கு முன்னால் ஒருவனை அடித்ததையும் அவன் கண்டுகொள்ளவில்லை, அது வேறு. ஆனால் கொரிந்து சபை பிழைத்தது அவன் தள்ளுபடி செய்ததால்.

ஜெபமாலை_ராஜ்

லெயோவோடு எங்கள் போதனை நின்றுவிடவில்லை என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன், இல்லாவிட்டால் எங்களைக் காட்டுமிராண்டி என்று நினைப்பீர்கள். 1965 டிசம்பர் 7, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் சமய சுதந்திர ஏடு. அதன்படி இந்த உரிமை வேரூன்றி நிற்பது மனித மாண்பில், ஒருவனுடைய கருத்து சரியா தவறா என்பதில் அல்ல. உண்மையைத் தேடுகிற கடமையைச் செய்யாதவனுக்கும் கட்டாயத்திலிருந்து விடுதலை உண்டு, நியாயமான பொது ஒழுங்கு கெடாதவரை. அடுத்த வருஷமே தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலுக்கும் சட்டத் தகுதி போய்விட்டது. ஆகவே எங்கள் நிலை: உரிமை மனிதனுக்கு உண்டு, பொய்க்கு இல்லை. வக்கீல் அண்ணன் களையை வைத்துச் சொன்னதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறோம். ஆனால் 'எல்லையில்லாத' என்பதில் கையெழுத்துப் போடமாட்டேன்.

கிருபா_நெல்லை

எல்லாருக்கும் நன்றி. நாபோத், களைகள், கல்லியோன் மூன்றையும் எடுத்துக்கொண்டேன். ருவாண்டாவை எதிரணி கொண்டுவருமுன் நானே சொல்லி, கொலைக்கு ஏவுவதை வெளியே நிறுத்திவிடப் போகிறேன். ஒரு கேள்வி பாக்கி. நடுவராக வருகிற ஐயர் (போதகர்) அந்தப் படத்துக்கு எதிராக 2006இல் ஊர்வலம் போனவர். சபை ஹாலில் வைத்து அதைச் சொல்லலாமா?

கோர்ட்டு_வராந்தா

தாராளமாகச் சொல். ஊர்வலம் போனது அவருடைய உரிமை என்று முதல் வரியிலேயே சொல்லிவிடு. நீ குறை சொல்வது ஊர்வலத்தை அல்ல, தடை ஆணையை. நடுவர் ஐயர் அந்த வித்தியாசத்தை ஏற்றுக்கொண்டால் பாதி மார்க் கையில்.

ஈரோட்டுக்_கண்ணாடி

கடைசியாக ஒன்று கேட்கிறேன். நாளைக்கே இன்னொரு படம் வருகிறது, இதைவிட மோசமாக. என்ன செய்வீர்கள்? ஒவ்வொருவராகச் சொல்லுங்கள்.

மேய்ப்பன்_கோவை

அந்த ஞாயிறு பிரசங்கத்தில் அதைக் கிழிப்பேன். கலெக்டர் ஆபீசுக்குப் போகமாட்டேன். வாய்தாவுக்குப் போவதற்கே நேரம் போதவில்லை.

ஜெபமாலை_ராஜ்

நான் மனு கொடுப்பேன். மனு கொடுப்பதும் பேச்சுரிமைதானே?

கோர்ட்டு_வராந்தா

சந்தேகமில்லாமல். கொடு தம்பி. மனுவில் 299 என்று எழுதுவதாக இருந்தால் மட்டும் முதலில் பாஸ்டர் ஐயாவுக்கு ஒரு போன் போட்டு, அவருடைய எஃப்.ஐ.ஆர். நகல் கேட்டு வாசித்துப் பார். ஒரு பக்கம்தான் இருக்கும்.